ஒட்டுக்கட்டை யார் வீட்டுப் பிள்ளை?

பேலியகொடையில் சுகம் விசாரிப்பதற்கு முன்னரே "எத்தனை பேர்ச்?" என்று கேட்டுவிடுவார்கள். ஓர் ஏக்கரை 160 ஆகப் பிரித்தால் வருவது ஒரு பேர்ச். 272 சதுர அடியும் சில்லறையும். எங்களுடையது ஆறு. வெள்ளவத்தையில் நாலாம் மாடியில், பல்கணிச் சாடியில் நின்ற ஒற்றைக் கறிவேப்பிலையோடு காலம் தள்ளிவிட்டு வந்தவர்களுக்கு ஆறு பேர்ச் என்பது இராச்சியம். அந்த இராச்சியத்தில் வீடு நிற்கிறது. எங்களுக்குக் கார் இல்லை. ஆனால் மருமகன் வந்தால் கார் விட இடம் வேண்டும் என்று ஒரு கொங்கிரீட் தளம் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கி, மோட்டர், மலக்குழி, உடுப்புக் கொடி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் ஒன்றேகால் பேர்ச் மிஞ்சும். வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். கழித்தல் எனக்குப் பிழைக்காது. அந்த மிச்சத்தை மனைவி தோட்டம் என்கிறார். சுன்னாகத்தில் இருக்கும் பெரியப்பாவிடம் தொலைபேசியில் தோட்டம் என்று சொன்னபோது, "முத்தத்தையே சொல்லுறாய்?" என்று கேட்டார்.

தோட்டம் என்றால் மாமரம் வேண்டும். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. தடை போட்டது கணக்குத்தான். மாமரத்துக்கு மாமரம் பத்து மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்று பழைய விவசாயக் கையேடுகள் சொல்கின்றன. அதைப் பேர்ச்சுக்கு மாற்றினால் ஒரு மரத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு. மாமரம் சுகமாக இருக்கவேண்டுமென்றால் நானும் மனைவியும் மோட்டரும் மருமகனின் காரும் மீதி இரண்டு பேர்ச்சுக்குள் ஒடுங்கவேண்டும்.

இடத்தைக் கொடுத்தாலும் விவகாரம் முடியாது. கொழும்புப் பக்கத்தில் மரம் வளர்ந்தால் கூடவே வழக்கும் வளரும். கிளை மதிலைத் தாண்டும். மாங்காய் பக்கத்து வீட்டில் விழும்; அதைப் பற்றி உலகில் யாரும் முறைப்பாடு செய்ததில்லை. இலையும் பக்கத்து வீட்டில்தான் விழும். இலை கூரைப் பீலியை அடைக்கும். பீலியில் தண்ணீர் தேங்கும். தண்ணீரில் நுளம்புக் குடம்பி நெளியும். டெங்குப் பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பார். பீலியின் சொந்தக்காரர் நீதிமன்றத்துக்குப் போய்த் தண்டம் கட்டுவார். மரத்தின் சொந்தக்காரர் அன்றிலிருந்து மற்ற முடக்கால் சுற்றிப் பாண் வாங்கப் போவார்.

பக்கத்து வீட்டு ஐயா தங்கமான சிங்களவர். நாங்கள் குடிவந்த அன்றே ஒரு தட்டு கொக்கிஸோடு வந்தவர். நான் மா வைக்கும் யோசனையைச் சொன்னதும், வாய்க்குக் கொண்டுபோன கொக்கிஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். தன் வீட்டுப் பீலியை விட உயராத மரமாகப் பார்த்து வைத்தால் மிகவும் சந்தோஷப்படுவதாகச் சிங்களத்தில் வெகு மரியாதையாகச் சொன்னார். அவருடைய பீலி ஒன்பது அடியில் ஓடுகிறது. அன்றிலிருந்து எங்கள் இலட்சியம் ஒன்பது அடிக்குள் ஒரு மாமரம்.

குட்டை மரம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்கவேண்டும் என்றார்கள். வீதியோரம் கன்று விற்கும் ஒரு கடைக்குப் போனேன். முழங்கால் உயரத்தில் கறுப்புப் பொலித்தீன் பைகளில் மாங்கன்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை, அதில் ஒரு பழத்தின் படம்.

"தம்பி, இது எவ்வளவு உயரம் போகும்?"

"கூடப் போகாது சேர். குள்ள மரம்."

"குள்ளம் எண்டா?"

அவன் கையைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"அட்டையில விலாட் எண்டு போட்டிருக்கு. அது மேல ஒட்டின கிளை. அடிக்கட்டை என்ன?"

"அடிக்கட்டையும் மாதான் சேர்."

"என்ன மா?"

"மாங்கொட்டையில இருந்து வந்த மா."

இதற்கு மேல் அவனைக் குறுக்கு விசாரணை செய்வதில் நியாயமில்லை. அவனுக்குத் தெரிந்ததை அவன் மறைக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே தகவல்தான். ஒட்டுக்கன்று என்பது இரண்டு மரம். மேலே ஒட்டிய கிளை என்ன பழம் என்பதைத் தீர்மானிக்கும். மரம் எவ்வளவு உயரும், எப்போது காய்க்கத் தொடங்கும், எந்த மண்ணைத் தாங்கும் என்பதிலெல்லாம் கீழே நிற்கும் ஒட்டுக்கட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. வேலையில் பாதியைச் செய்கிற அந்தக் கட்டைக்கு அட்டையில் பெயர் இல்லை, படம் இல்லை. பழச்சாறு கடைக்குப் பின்னால் குவிந்த கொட்டையிலிருந்து முளைத்தது நாற்பது அடி மரத்தின் பிள்ளையாகவும் இருக்கலாம். அதன் தலையில் விலாட்டைக் கட்டிக் "குள்ளம்" என்று அட்டை தொங்கவிட்டால் மரம் அட்டையை வாசிக்கப் போவதில்லை.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மனைவியின் தம்பிக்கு இந்தக் கவலை கிடையாது. அவர் வீடியோ அழைப்பில் தன் பின்வளவைக் காட்டுவார். அங்கே ஒரே மரத்தில் நாலு வகை அப்பிள். "நிண்ட நிலையில பிடுங்கலாம் மச்சான்" என்று சொல்லி, நின்ற நிலையில் ஒன்றைப் பிடுங்கி, கமெராவுக்கு முன்னால் கடித்தும் காட்டுவார். எனக்கு மரத்தைவிட அதன் அடியில் கட்டியிருந்த சின்ன அட்டைதான் எரிச்சலைத் தந்தது. அதில் ஒட்டுக்கட்டையின் பெயர் இருந்தது: எம் 9.

அந்த எம் என்பது மோலிங். இங்கிலாந்தில் கென்ற் பகுதியில் கிழக்கு மோலிங் என்ற ஊரில் 1913இல் பழ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அங்கேயும் என் கடைக்காரத் தம்பியின் நிலைமைதான். "பரடைஸ்" என்ற ஒரே பெயரில் கன்றுக்காரர்கள் கண்டதையும் கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவருக்குக் குட்டை மரமும் வரும், கோபுரமும் வரும். ரொனால்ட் ஹற்றன் என்பவர் அவற்றையெல்லாம் கூட்டி, பிரித்து, வளர்த்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். ஒன்பதாம் எண்ணுக்காரர் பிரான்சிலிருந்து வந்த கட்டை. அதன் மேல் ஒட்டிய அப்பிள் எட்டிலிருந்து பத்து அடியில் நின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பீலிக்கு அளவெடுத்ததுபோல!

ஏன் நிற்கிறது என்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே குருத்தில் உண்டாகும் ஓமோன் பட்டை வழியாக வேருக்கு இறங்கவேண்டும். குட்டைக் கட்டையின் பட்டையில் அது, கந்தோரில் கோப்பு இறங்குவதுபோல, மெதுவாகவே இறங்கும். ஓமோன் குறைந்தால் வேர் அதிகம் பரவாது. பரவாத வேர் மேலே அனுப்பும் வளர்ச்சிச் சரக்கும் குறைவு. மரம் உயரும் எண்ணத்தைக் கைவிட்டு, சீக்கிரமே பூக்கத் தொடங்கிவிடும்.

"உமக்கும் நாலு துண்டு பார்சல்ல போட்டுவிடட்டோ?" என்று மச்சான் கேட்டார். தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அனுமதியில்லாமல் வரும் தடியைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே பிடித்துவைப்பார்கள் என்றேன். அப்படித் தப்பி வந்தாலும் அப்பிளுக்குக் குளிர்காலம் வேண்டும். எங்கள் வீட்டில் குளிர்காலம் படுக்கையறை ஏசியில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி, மின்சாரக் கட்டணத்தை நினைத்து பதினொன்றுக்கு முடிந்துவிடும்.

மாவுக்கு மோலிங்போல எண் போட்ட பரம்பரை இல்லை. ஆனால் தேடிப் பார்த்தபோது கிடைத்த செய்தியில் நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார், அல்போன்சோ மாவைப் பலவகை ஒட்டுக்கட்டைகளில் ஒட்டி வருடக்கணக்காக வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மரத்தைக் குட்டையாக்கிய கட்டை எது? வெள்ளைக்கொழும்பான்! யாழ்ப்பாணத்தில் நாங்கள் சின்ன வயதில் வரம்பில் இருந்து தின்றுவிட்டுக் கொட்டையால் ஒருவரையொருவர் எறிந்து விளையாடிய அதே வெள்ளைக்கொழும்பான். பழத்தை நாங்கள் தின்றோம். கட்டையின் அருமையைப் பெங்களூர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்தியர்கள் வேறு வழியிலும் போயிருக்கிறார்கள். புதுடில்லியில் இருக்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் வடக்கின் தசேரியையும் தெற்கின் நீலத்தையும் கலந்து 1971இல் அம்ரபாலி என்ற மாவை வெளியிட்டது. அது பிறவியிலேயே குட்டை. இரண்டரை மீற்றருக்கு ஒன்று நடலாம். நான் உடனே கணக்குப் போட்டேன்: மரத்துக்குக் கால் பேர்ச். ஒன்றேகால் பேர்ச்சில் ஐந்து மரம்! மனைவி அன்று இரவு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அம்ரபாலி எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்கொழும்பான் கொட்டை கிடைக்கும். ஆகவே திட்டம் முடிவானது. கீழே வெள்ளைக்கொழும்பான், மேலே விலாட்.

பெரியப்பாவிடம் சொன்னேன். தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு மௌனம்.

"தம்பி, அந்த மரம் உனக்கு என்ன பிழை செய்தது?"

"பெரியப்பா, மரத்தைக் குட்டையாக்கத்தான்..."

"வெள்ளைக்கொழும்பான்ர கழுத்தை வெட்டிப்போட்டு விலாட்டை வைக்கப்போறன் எண்டு வெளியில சொல்லிப்போடாதை. சரி, கட்டத்தான் போறாயெண்டா கறுத்தக்கொழும்பானைக் கட்டன்."

யாழ்ப்பாணத்தில் மாம்பழங்களுக்குள் யார் பெரியவர் என்பது வாக்கெடுப்புக்கு விடப்படாத விஷயம். கறுத்தக்கொழும்பான் முதலாவது; அதற்குப் பிறகுதான் அம்பலவியும் மற்றவர்களும் கதிரை தேடலாம். பெரியப்பாவுக்கு விலாட் என்பது கந்தோருக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கும் சின்னப் பழம். ஆனால் மா பூப்பதற்கு ஒரு வறண்ட இடைவெளி வேண்டும். யாழ்ப்பாணத்து வெயில் அதைக் கொடுக்கும். கொழும்பிலோ இரண்டு மழைக்காலத்துக்கும் நடுவில் கொடியில் உடுப்புக் காய்வதே சிரமம். பூத்தாலும் மழையில் பூங்கொத்து கருகிக் கொட்டும். கறுத்தக்கொழும்பான் இங்கே வந்தால் இலை வைப்பதைத்தான் அதிகம் செய்யும். விலாட் ஈரத்திலும் சமாளித்துக் காய்க்கிற மரம். இதைப் பெரியப்பாவுக்கு விளக்கினேன். "அது மானமுள்ள மரம், அதுதான் உங்க காய்க்கிறேல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொட்டை தேடிப் புறக்கோட்டைக்குப் போகவேண்டியதில்லை. அங்கே இருந்த மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கே குடிபெயர்ந்துவிட்டது. அதற்கு முன்னமே மீன் சந்தையும் வந்துவிட்டது. காற்று எந்தப் பக்கத்தால் வீசினாலும் எங்களுக்குத் தேசிய பொருளாதாரம் மணக்கும். சந்தையில் ஒரு வியாபாரியிடம் வெள்ளைக்கொழும்பான் இருந்தது. கொட்டை மட்டும் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பழத்தை வாங்கினால் கொட்டை இலவசம் என்றார். வியாபாரத்தில் இவ்வளவு நேர்மையான சலுகையை நான் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்த தடை. "டொக்டர் உங்களுக்குப் பழத்தைக் குறைக்கச் சொன்னவர் எல்லே?" என்றார் மனைவி.

"இஞ்சேரும், இது பழமில்லை. ஆராய்ச்சி."

"அப்ப ஆராய்ச்சியை நான் செய்யிறன். நீங்கள் கொட்டையைக் கழுவுங்கோ."

அப்படித்தான் வேலை பிரிந்தது. கொட்டையைச் சுத்தமாகக் கழுவி, நிழலில் ஒரு நாள் வைத்து, ஓரத்தைக் கத்தரித்து, மேலோட்டை நீக்கி, உள்ளே இருக்கும் பருப்பை மணலும் கூட்டெருவும் கலந்த பையில் வளைவான பக்கம் மேலே வரும்படி வைக்கவேண்டும். கடினமான ஓட்டை நீக்கினால் முளை நேராகவும் விரைவாகவும் வரும். இந்த மாவில் இன்னொரு விசேஷம், ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளை கிளம்பும். அநேகமானவை தாயின் அச்சுப் பிரதி. மகரந்தத்தில் தகப்பனின் பங்கு வாங்கிய பிள்ளை பெரும்பாலும் பின்தங்கிய நோஞ்சானாக ஓரத்தில் நிற்கும். அதைக் கிள்ளிவிட்டு வாட்டசாட்டமானதை வைத்தால் ஒட்டுக்கட்டைகள் எல்லாம் ஒரே குணம். மோலிங்காரர் தண்டுகளைப் பதிவைத்துச் செய்ததை, இந்த மாங்கொட்டை கேட்காமலே செய்து தருகிறது.

உரத்துக்கு மீன் சந்தைக் கழிவைப் புதைத்தால் மரம் துள்ளும் என்று பலர் சொன்னார்கள். மரத்துக்கு முன்னர் பூனைகள் துள்ளின. அதோடு அந்த விஷயத்தை நிறுத்தினோம்.

நாற்று பென்சில் தடிப்புக்கு வந்ததும் ஒட்டு நேரம். விலாட் கிளையை மனைவியின் சிநேகிதி வீட்டு மரத்திலிருந்து எடுத்தோம், கொட்டாஞ்சேனையில். அங்கே அந்த மரம் ஒரு பேக்கரிக்கும் ஒரு மாதா சுருவத்துக்கும் நடுவில் எப்படியோ நின்று காய்க்கிறது. கிளையை வெட்டுவதற்கு ஒரு கிழமை பத்து நாளுக்கு முன்னரே இலைகளை நீக்கிக் காம்பை மட்டும் விடவேண்டும். அப்போது நுனி மொட்டு புடைத்துத் தயாராக நிற்கும். இதற்காக அந்தச் சிநேகிதியிடம் நான் முதல் நாள் போய் இலையை மட்டும் வெட்டிவிட்டு வந்தேன். இவருக்கு ஏதும் வருத்தமோ என்று அவர் மனைவியைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கிறார்.

வேலை சின்னது. நாற்றை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் ஒன்றரை அங்குலம் நெடுக்காகப் பிளந்து, கிளையின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பாகச் சீவி உள்ளே இறக்கவேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய பச்சைப் படை ஒன்று இருக்கிறது, மாறிழையம். மேல் துண்டின் மாறிழையமும் கீழ்த் துண்டின் மாறிழையமும் தொட்டால்தான் ஒட்டு. இரண்டும் ஒரே தடிப்பில்லை என்றால் நடுவில் வைத்து அழகு பார்க்கக் கூடாது. ஒரு பக்கத்துக்காவது சரியாகப் பொருந்தவேண்டும். சீவுவதற்குச் சவர பிளேட்டைப் போல ஒன்று வராது. சமையலறைக் கத்தி நசுக்கும். நசுங்கிய இடம் ஒட்டாது. பிறகு பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே ஐஸ்பழம் கட்டும் நீளப் பையைத் தொப்பியாக மாட்டி அடியில் கட்டி, நிழலில் வைக்கவேண்டும். உள்ளே ஈரம் நின்றால்தான் வேர் இல்லாத அந்தத் துண்டு உயிரோடு காத்திருக்கும்.

மரத்துக்கு நாடா சுற்றிய அன்று என் பெருவிரலுக்கும் அதே நாடாதான் சுற்றியிருந்தது. விரல் முதலில் ஒட்டியது.

இரண்டு மூன்று கிழமையில் மொட்டு விரியும். அதுவரைக்கும் ஒருவரும் தொடக் கூடாது என்பது சட்டம். வீட்டில் இருக்கும் எல்லோரும் காலையில் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்கள். சில காய்ந்தன, சில செம்பு நிறத்தில் இலை விட்டன.

இந்தக் கட்டத்தில்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மலக்குழி மூடி, பூச்சாடித் தட்டு எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர், வரிசையாகத் தொப்பி போட்டு நின்ற கன்றுகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒவ்வொரு பைக்குள்ளும் நீர்த்துளிகள் மின்னின. பேனையைத் திறந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என் சார்பில் சிங்களத்தில் ஒரு விரிவுரையே நிகழ்த்தினார்: அது தேங்கிய தண்ணீர் இல்லை, வியர்வை, பை அடியில் கட்டியிருக்கிறது, நுளம்பு புகாது, இவர் ஒரு மாஸ்டர், மரம் ஒன்பது அடிக்கு மேல் போகாது. பரிசோதகர் பொறுமையாகக் கேட்டார், குனிந்து ஒரு பையைத் தட்டிப் பார்த்தார், பேனையை மூடினார். பிறகு, அம்பரெல்லாவுக்கும் இப்படிச் செய்யலாமோ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அம்பரெல்லாவுக்கு வேண்டியதில்லை. குட்டை அம்பரெல்லா என்று ஓர் இனமே இருக்கிறது. இடுப்பளவில், சாடியிலேயே காய்க்கும். அதன் கொட்டையை நட்டாலே குட்டை வரும். சோம்பேறிகளுக்குக் கடவுள் கொடுத்த மரம்.

செய்தி பரவியதும் விண்ணப்பங்கள் வந்தன. றம்புட்டான் கேட்டவருக்குச் சரி என்றேன். களனி கங்கையோடு கொஞ்சத் தூரம் மேலே போனால் வரும் மல்வானையில் நல்ல றம்புட்டான் எல்லாம் ஒட்டுமரம்தான். விதையில் வளர்த்தால் பாதிக்குப் பாதி ஆண் மரமாகி, வருடம் முழுக்க நிழல் மட்டும் தரும். ஆனால் செவ்விளநீரைக் குட்டையாக ஒட்டித் தரச் சொன்ன ஒன்றுவிட்ட அண்ணருக்குத்தான் விளக்கம் சொல்ல முடியவில்லை. தென்னைக்கும் வாழைக்கும் பனைக்கும் மாறிழையம் என்ற அந்தப் பச்சைப் படையே கிடையாது. ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. குட்டைத் தென்னை வேண்டுமென்றால் குட்டை இனத்துத் தேங்காயை முளைக்கப்போடவேண்டும். அண்ணர் நம்பவில்லை. "நீ மனம் வைச்சாச் செய்வாய்" என்றார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதையில் மர வைத்தியத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. தண்டை வெட்டிச் சாணம் பூசி, வேறு மரத்தின் வெட்டுவாயில் வைக்கத்தக்கவை என்று பலா, நாவல், மாதுளை, திராட்சை எல்லாம் வரிசையாகச் சொல்லிவருகிறார். அந்த வரிசையில் வாழையும் இருக்கிறது. வானசாஸ்திரமும் சோதிடமும் எழுதிய கைக்கு ஒரு வாழை தவறுவதில் என்ன இருக்கிறது!

மனைவிக்கு இன்னொரு யோசனை. உத்தரப் பிரதேசத்து மலிகாபாத்தில் கலீமுல்லா கான் என்பவர் ஒரே மாமரத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட இனங்களை ஒட்டிவைத்திருக்கிறார். 2008இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். "நாங்களும் ஒரு மரத்திலேயே அம்பலவி, விலாட், செம்பாட்டான் எல்லாம் போட்டா என்ன?" என்றார். செய்யலாம். ஆனால் அவருடைய மரம் நூறு வயது தாண்டி, ஆலமரம்போல நிழல் பரப்பி நிற்பது. குட்டை மரத்தில் நாலு இனத்தை ஏற்றினால் வேகமாக வளர்கிறவர் மற்றவர்களை நிழலில் போட்டுவிடுவார். யாரை எப்போது வெட்டுவது என்று கத்தரிக்கோலோடு காவல் நிற்கவேண்டும். ஸ்காபரோ மரத்தின் நாலு வகை அப்பிளில் இப்போது இரண்டுதான் காய்க்கிறதாம். இதை மச்சான் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார்.

ஒட்டிய பிறகு இரண்டு விஷயங்களில் கண் வேண்டும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் துளிரை உடனே கிள்ளவேண்டும். அது கட்டையின் சொந்தத் துளிர். விட்டால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுத் தானே மரமாகிவிடும். "ஒட்டு மா வாங்கி ஏமாந்தோம், காட்டு மாங்காய் காய்க்குது" என்று சொல்கிறவர்களில் பலர், அந்தத் துளிரைத்தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்கள். மற்றது, ஒட்டின இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். மண் அணைத்து மூடினால், அப்பிள் போன்ற மரங்களில் மேல் துண்டே வேர் விட்டுவிடும். பிறகு குட்டைக் கட்டைக்கு வேலை இல்லை.

பேலியகொடையில் மண் அணைக்க ஆள் தேவையில்லை, கங்கை இருக்கிறது. மழை கூடினால் வானொலியில் நாகலகம் வீதி நீர்மட்டம் எத்தனை அடி என்று சொல்வார்கள். நாங்கள் அதைக் கிரிக்கெட் ஸ்கோரைவிடக் கவனமாகக் கேட்போம். அதனால் எங்கள் மாக்கள் பாதியாக அறுத்த பிளாஸ்ரிக் பீப்பாய்களில் நிற்கின்றன, அடியில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே செங்கல். வெள்ளம் வரும் என்றால் பக்கத்து வீட்டு ஐயாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படியில் ஏற்றுவோம். நாற்பது அடி மரத்தை இப்படி ஏற்ற முடியாது என்பதை அவர் ஒவ்வொரு படியிலும் எனக்கு நினைவூட்டுவார்.

மூத்த மரம் இப்போது என் தோளுக்கு நிற்கிறது. போன முறை பூத்தது. முதற் பூவைக் கிள்ளிவிட்டால் மரம் வலுக்கும் என்பது விதி, மனைவி விடவில்லை. காய்த்தவற்றில் அணிலுக்குப் போனது போக மிஞ்சியதைப் பெரியப்பாவுக்கு யாழ்தேவியில் போன உறவினர் கையில் கொடுத்தனுப்பினோம். தின்றுவிட்டு, "பழம் பரவாயில்லை, கட்டை நல்ல கட்டையெல்லே" என்றார்.

ஹொரணை கனன்விலவில் நாட்டுக்கென்று ஒரு பழப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கன்றுக்காரர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை: அட்டையில் இரண்டு வரி போடுங்கள். மேல் வரியில் பழத்தின் பெயர், கீழ் வரியில் ஒட்டுக்கட்டையின் பெயர். வாங்குகிறவர்களும் பழத்தின் படத்தைப் பார்த்து மயங்காமல் "அடிக்கட்டை என்ன?" என்று ஒரு தரமாவது கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் இருக்கும்.

அதுவரைக்கும் ஓர் உதவி. வெள்ளைக்கொழும்பான் சாப்பிடுகிறவர்கள் கொட்டையை எறியவேண்டாம். காயவிட்டால் மாங்கொட்டை செத்துவிடும், ஆகவே ஈரத் துணியில் சுற்றி ஒரு கிழமைக்குள் பேலியகொடைக்குக் கொண்டுவாருங்கள். சந்தை வாசலில் இறங்கி, விரலில் நாடா சுற்றிய மாஸ்டர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.